இரண்டு மடங்கு சர்க்கரை

அன்று நான் சிரித்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வெளிநாட்டில், கிரான்பர்ன் என்ற ஊரில் நானும் செல்வண்ணாவும் ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் திருச்சிக்காரன். அவர் வன்னியில் சண்டைக்குத் தப்பிப் படகில் வந்தவர். இன்னும் நிரந்தர விசா கிடைக்கவில்லை.

முதல்முறையாக வீட்டிலேயே பீர் தயாரித்தேன். பாட்டிலில் ஊற்றும்போது கொஞ்சம் சர்க்கரை போட்டு மூடினால்தான் கேஸ் பிடிக்கும். நன்றாக நுரைக்கட்டுமே என்று இரண்டு மடங்கு போட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். கராஜில் அடுக்கி வைத்திருந்த பீர் பாட்டில்களில் ஒன்று வெடித்தது. அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். செல்வண்ணா என்னை இழுத்துத் தள்ளி, என்மேல் கவிழ்ந்து படுத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணா, பீர் பாட்டில்ணா!"

"எழும்பாதை தம்பி, இன்னும் விழும்."

அடுத்தடுத்து வெடித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. என் தலையை மூடியிருந்த கை மட்டும் விலகவே இல்லை.

எல்லாம் அடங்கியபின் எழுந்து, "உங்களைப் பயப்படுத்திப் போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அவர், என்னிடம்!

கண்ணாடித் துண்டுகளை அன்றே பெருக்கிக் கொட்டிவிட்டேன். அவரோ அன்றிலிருந்து, எந்நேரமும் ஓடத் தயாராக, ஷூவைக் கழற்றாமல்தான் தூங்குகிறார்.