வண்டிக்கும் தரைக்கும் நடுவில்

சென்ற ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது.

அப்போதுதான் என் சம்பாத்தியத்தில் ஒரு அட்வென்ச்சர் பைக் வாங்கியிருந்தேன். கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண் அவ்வளவு உயரமான வண்டியை ஓட்டி யாரும் பார்த்ததில்லை. பெருமை ஒரு பக்கம் இருந்தாலும், எங்கே கீறல் விழுந்துவிடுமோ என்று எந்நேரமும் பயம். வண்டி விழுந்தால் அடிபடாமல் தாங்கும் கம்பி, அதாவது கிராஷ் கார்டு, போடுவதற்காகப் புதுச்சேரியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எஞ்சினை மட்டும் மறைக்கும் ஒல்லியான கம்பி பார்க்க அழகாக இருந்தது. டேங்க் வரை மேலேறி, இரண்டு பக்கமும் அகலமாக நீட்டிக்கொண்டிருந்த இன்னொன்றைப் பார்த்து, "எரும மாட்டுக்குக் கொம்பு வச்ச மாதிரி இருக்குது" என்று என் கணவர் சிரித்தார். கறுப்பா, சில்வரா என்று வேறு குழப்பம். முடிவெடுக்காமலே நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு, உப்புக் குவியலுக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று இருவரும் கிளம்பினோம். ஈ.சி.ஆரிலிருந்து இறங்கி, உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் மண்வரப்பில் ஓட்டினேன். முந்தின நாள் அங்கே தூறல் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. மேலே காய்ந்த மாதிரி தெரிந்த களிமண் உள்ளே வழவழவென்று இருந்தது. பின்சக்கரம் வழுக்கியது. காலை ஊன்றப் பார்த்தேன், காலும் வழுக்கியது. கணவர் பாத்திக்குள் போய் விழுந்தார். நான் வண்டியோடு வலது பக்கம் சாய்ந்தேன். என் கால் அடியில் மாட்டிக்கொண்டது.

முதலில் வலி தெரியவில்லை. பெட்ரோல் வாசனைதான் வந்தது. டேங்க் மூடியின் ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சூடான சைலன்சர் என் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கணவர் எழுந்து ஓடிவந்து சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். வண்டியைத் தூக்கப் பார்த்தார். சேற்றில் அவர் கால் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை அவர் சறுக்கும்போதும் வண்டி இன்னும் கொஞ்சம் என் மேல் அழுந்தியது. பதற்றத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

"ஏம்பா, இழுக்காத! காலு உள்ள சிக்கியிருக்குது!"

புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடிவந்தார். பின்னாலேயே அவருடைய வீட்டுக்காரர். வண்டிக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழையக்கூட இடமில்லை. அந்த மனிதர் மண்டி போட்டு உட்கார்ந்து, களிமண்ணைக் கையாலேயே வாரி எறிந்தார். பிறகு ஒரு கையை உள்ளே நுழைத்து, தோளைக் கொடுத்து நெம்பினார். என் கணவரும் மேலிருந்து பிடித்துத் தூக்கினார். வண்டி கொஞ்சம் எழும்பியதும் அந்தப் பெண் என் காலை மெதுவாக வெளியே எடுத்தார்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு. அசையுதாம்மா?"

அசைந்தது. உடனே நான் கேட்டது, "வண்டிக்கு என்ன ஆச்சு?"

"உன் காலப் பாரும்மா மொதல்ல. வண்டி எங்க ஓடிடப் போவுது?"

அப்போதுதான் அவர் கணவர் கையை வெளியே எடுத்தார். முழங்கைக்குக் கீழே தோல் வெந்து போயிருந்தது. அத்தனை நேரமும் அந்தக் கை சைலன்சரில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எடுத்தால் வண்டி மறுபடியும் என் கால்மேல் இறங்கிவிடும் என்று அப்படியே பிடித்திருக்கிறார். அந்தப் பெண் பதறிப்போய், குடிக்கக் கொண்டு வந்திருந்த தண்ணீரையெல்லாம் அதன் மேல் ஊற்றினார்.

நால்வரும் ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குக் கணுக்கால் சுளுக்கு, எலும்பு முறியவில்லை. அவருக்குக் கட்டுப் போட்டார்கள். வராந்தாவில் மனைவியிடம் அவர் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்தக் கையோட உப்புத் தண்ணியில எப்புடி எறங்கறது?"

அன்றிலிருந்து பல நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. புண் சீழ் வைத்துவிட்டால்? விரல் மடங்காமல் போய்விட்டால்? நொண்டிக்கொண்டே பஸ் ஏறி, வாராவாரம் போய்ப் பார்த்தேன். வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை வாங்கிக்கொள்ளும்படி அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருநாள் நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. "வேலைக்குப் போயிட்டாரு. சொன்னா கேக்கறாரா?" என்று மனைவி சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரமே, முன்பு அந்த இரண்டு கம்பிகளையும் பார்த்த கடைக்குப் போனேன். கடைக்காரர், "எந்தக் கலர் மேடம்?" என்றார். "எதுவா இருந்தாலும் சரிங்க. ரெண்டையும் மாட்டி, வண்டியப் படுக்க வச்சுக் காட்டுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கீழே கோணி விரித்துச் சாய்த்துக் காட்டினார். ஒல்லிக் கம்பியோடு வண்டி கிட்டத்தட்ட முழுசாகப் படுத்துவிட்டது. அகலக் கம்பியோடு பாதியிலேயே நின்றது. அந்த இடைவெளிக்குள் என் கையை விட்டுப் பார்த்தேன். எங்கும் இடிக்காமல் போய் வந்தது. அதையே போடச் சொன்னேன்.

இன்றும் மண்வரப்பைக் கண்டால் வண்டியை மெதுவாக்கிவிடுகிறேன். நான் மறுபடி எங்காவது விழலாம். அப்போது முகம் தெரியாத யாரோ ஒருவர் யோசிக்காமல் கையை உள்ளே விடுவார், அந்தக் கை சுடாமல் வெளியே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் வண்டியைக் கிளப்புகிறேன்.