பாட்டுக்காகக் கட்டிய வாழைமரம்

என் மாமா அதுவரை யாரையும் காதலித்ததில்லை. ஆனாலும் அவர் எழுதி மெட்டுப் போட்ட முதல் பாட்டு காதல் முறிவைப் பற்றியது. அம்மாவின் தம்பியான அவர், சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை கிடைத்து எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு பெட்டித் துணியும் பழைய சிந்தசைசர் கீபோர்டு ஒன்றும்தான் அவர் சொத்து. ஆபீசிலிருந்து வந்ததும் ஹெட்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதில் ஒரு காது அவருக்கு, ஒரு காது எனக்கு. மேளமும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இசை வேடிக்கையாக இருந்தது. எல்லாமே பட்டனை அழுத்திப் பிறந்த சத்தம். தறி ஓடுவது மாதிரி விடாத ஒரு தாளம், அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டுவது மாதிரி ஒரு மெட்டு.

பாட்டின் கதை இதுதான். ஒருவன் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே காதலியை விட்டுவிடுகிறான். பிறகு அவள் வேறொருவனைக் கட்டிக்கொள்ளும்போது வாசலில் நின்று பொறாமையில் வேகிறான். பல்லவியில் 'எரியுது' என்ற சொல் மட்டும் எட்டு முறை வரும். "அவனுக்கு ஒரு டம்ளர் மோரு கரைச்சுக் குடுக்கச் சொல்லு" என்பாள் அம்மா. பல்லவியை எப்படியோ தாண்டிய மாமா சரணத்தில் மாட்டிக்கொண்டார்.

"ஏஞ் சாமி, பொறாமைன்னா உள்ளுக்குள்ள எப்புடி இருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதுங்க மாமா" என்றேன். இரண்டு பேருக்கும் தெரியாமலேயே பாட்டு முடிந்தது.

அடுத்து வீடியோ. அதற்கு ஒரு கல்யாணம் வேண்டும். மண்டபம் பிடிக்க மாமாவுக்கு வசதியில்லை, அதனால் எங்கள் வீட்டு வாசலே மண்டபம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளையாக மாமாவின் நண்பர் வந்தார். போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு லீவில் வந்திருந்தவர். கைவிட்டுவிட்டு வேகிற காதலன் மாமாவேதான். மணப்பெண், மாமாவின் ஆபீசில் பில் போடுகிற அக்கா. வாழப்பாடிக்காரர், சங்ககிரியில் ஹாஸ்டலில் தங்கியிருந்தார். வீடியோவுக்காகப் பாட்டைக் கேட்டுப் பழக வேண்டும் என்று நாலைந்து முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தபோதெல்லாம் ஹெட்போனின் அந்த இன்னொரு காது அவருக்குப் போனது. "கண்ணு, அக்காளுக்குக் காப்பி கொண்டு வா" என்று என்னை அனுப்பிவிடுவார் மாமா. நான் காப்பியில் வேண்டுமென்றே சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன். அக்கா அதையும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் குடித்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, மேடை வைத்தார்கள். டவுனிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் வந்தார். மத்தியானம் ஆத்தூர்ப் பக்கம் அவருக்கு ஒரு நிஜ நிச்சயதார்த்தம் இருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ இல்லை. தாலியை மட்டும் விளையாட்டுக்கு எடுக்கக்கூடாது, மாலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கையில் பூத்தட்டைக் கொடுத்து மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

மாமாவுக்கு அழுகை வரவில்லை. வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க வேண்டும், மேடையிலிருந்து அக்கா ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும், மாமாவின் முகம் சுருங்க வேண்டும். அக்கா நிமிர்ந்து பார்ப்பார். மாமாவின் முகம் மலரும். கிளிசரின் போட்டும் பார்த்தார்கள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

கேமராக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏனுங்க, இது பிரியற பாட்டுங்களா, நிச்சயம் பண்ற பாட்டுங்களா?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மொபெட்டில் வந்து இறங்கினார் பெரியப்பா. அப்பாவின் பங்காளி அவர். சந்தைக்குப் போகிற வழியில் வாழைமரத்தைப் பார்த்திருக்கிறார். பங்காளி வீட்டில் கல்யாணம், தனக்கு அழைப்பில்லை. அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டினாள், வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் வாங்காதது வாய்ச் சண்டையைவிடப் பெரியது.

"ஏனம்முணி, வாழமரம் கட்டற அளவுக்கு ஆயிப்போச்சு, எனக்கொரு சொல்லு சொல்லோணும்னு தோணலியா? உன்ற தம்பிக்குக் கல்யாணம்னா நான் வேண்டாம்னா சொல்லுவேன்?" அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணும் லட்சணமாத்தான் இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மூன்று பேர். மாமா வாழையிலையைக் கிழித்துக்கொண்டிருந்தார். அக்கா மாலையைச் சரிசெய்துகொண்டார், அது சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது ஆள் நான்.

பாட்டுக்கு எடுக்கிற வீடியோ என்று சொல்லியும் கோபம் தணியாத பெரியப்பாவை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மாமாதான் அவரை மணப்பெண்ணின் அப்பாவாக நடிக்கக் கூப்பிட்டார். பெரியப்பா முறைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு அவர்தான் டைரக்டர். மாலையை யார் முதலில் போடுவது, யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று கேமராக்காரருக்கே பாடம் நடத்தினார்.

அந்த இடைவெளியில் அக்கா தலையில் பூவைச் சரிசெய்ய உள்ளே வந்தார். ஹேர்பின்னை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு.

"உங்க மாமாவுக்கு நெஜமாவே பொண்ணு பாத்துட்டாங்களா?" கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"பாத்தாச்சுங்க. தை மாசம் கல்யாணம்."

யாரும் சொல்லித்தராத பொய். எப்படித்தான் தை மாசம் வரைக்கும் வந்ததோ! அக்கா கடைசி ஹேர்பின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அப்படியா" என்றார்.

மறுபடியும் மேடை. பாட்டைப் போட்டார்கள். அக்கா நிமிர வேண்டிய இடம் வந்தது, நிமிரவில்லை. மாமா காத்திருந்தார். அக்கா முகத்தை மாப்பிள்ளையின் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முகம் உறைந்துபோனது. கிளிசரின் இல்லாமலே கண் கலங்கியது.

"ஓகே!" என்று கத்தினார் கேமராக்காரர்.

நான் ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சூப்பரா நடிச்சீங்க மாமா!" அவர் என் தலையைத் தடவினார். பெரியப்பா பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், தண்ணீரும் குடித்தார். அக்கா தலைவலி என்று சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

அதன்பின் ஹெட்போனின் ஒரு காது எனக்கே திரும்பி வந்தது. நாலைந்து மாதத்தில் அக்கா வாழப்பாடியிலேயே வேலை கிடைத்துப் போய்விட்டார். அங்கேயே நல்ல இடத்தில் கல்யாணமாகி, பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்தது. மாமாவுக்கு வந்த அத்தை, அவரை நாள் முழுக்கக் கிண்டல் செய்தே வாழவைக்கிறவள். யாருக்கும் ஒரு குறையுமில்லை. சொந்தக்காரர்கள் அந்த வீடியோவை இன்றும் பெரியப்பாவுக்காகவே பார்க்கிறார்கள்.

போன மாதம் மாமா பையனின் காதுகுத்துக்குப் போயிருந்தபோது, டிவியில் அத்தைதான் அதைப் போட்டுவிட்டாள். கூட்டம் பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தத் தை மாசக் கல்யாணப் பொய்யைச் சொல்லிவிட்டேன்.

மாமா சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தார். "அந்த ஒரு ஷாட்டுத்தான் சாமி பாட்டையே தூக்கி நிறுத்துச்சு" என்றார். என் தலையை அன்றுபோலவே தடவினார்.

டிவியில் அந்த இடம் வந்தது. மாமாவின் முகம், அதைத் தொடர்ந்து மேடை. அக்கா முகத்தைத் திருப்புகிறார். அவருக்குப் பக்கத்தில் பட்டுப்பாவாடையில் ஒரு சிறுமி. பூத்தட்டு ஒரு பக்கம் சாய்ந்து பூ கொட்டுவதுகூடத் தெரியாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, இமைக்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'எரியுது, எரியுது' என்று மாமாவின் குரல் பாடுகிறது.

அது உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டபோது, தெரியாது என்றுதான் சொன்னேன். அன்றைக்கு அது பொய்யில்லை.