ஏலத்துக்குப் போன பாசி

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு மீன்தொட்டியின் எதிரே நின்று நான் கர்த்தரிடம் பொருத்தனை, அதாவது நேர்ச்சை, செய்தேன். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குப் பக்தி காரணமன்று. தொட்டிக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். அதில் அன்றுவரை இரண்டு மரணங்களும் ஒரு மரணப் படுக்கையும் பதிவாகியிருந்தன.

தொட்டி என் அண்ணனுடையது. ஓசூரில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, "மீனுக்கு அம்மா தீனி போட்டுக்கிடுவா. நீ வெறுமன பாத்துக்கிட்டு இரு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எதையும் வெறுமனே பார்ப்பது இலக்கிய மாணவிக்கு இழுக்கு என்று அப்போது நினைத்தேன். பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு உயிருள்ள செடிகளை வைப்பதென்று தீர்மானித்தேன். வண்ணார்பேட்டையில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம், ஒன்றும் தெரியாதவர்கள் வளர்க்கக்கூடிய செடி எது என்று கேட்டேன். அவர் மூன்று வகைகளை எடுத்துப் போட்டார்.

"இதுகள சாவடிக்கணும்னு நெனச்சாலும் முடியாதும்மா" என்றார்.

அவருக்கு என்னைத் தெரியாது.

முதலாவது ஜாவா ஃபெர்ன். கிழங்கைப் போலத் தடித்த தண்டு, அதிலிருந்து கிளம்பும் கரும்பச்சை இலைகள். அந்தத் தண்டை ஒரு கல்லோடு சேர்த்து நூலால் கட்டிவிட்டால் போதும், தானே பற்றிக்கொள்ளும். மணலில் புதைத்தால் அழுகிவிடும். இதை நான் தெரிந்துகொண்டது அடக்கம் முடிந்த பிறகு. செடி என்றால் ஊன்றத்தானே வேண்டும் என்று கழுத்துவரை புதைத்து, மணலை விரலால் அழுத்தியும் விட்டிருந்தேன்.

இரண்டாவது ஹார்ன்வொர்ட். அதற்கு வேரே கிடையாது, மிதந்தபடி வளரும். ஒரு துண்டை ஒடித்துப் போட்டால் அதுவும் ஒரு செடியாகிவிடும். நத்தை வந்துவிடக் கூடாதென்று, கைபேசியில் ஒரு பக்கத்தைப் படித்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் அதை ஊறவைத்தேன். நிமிடக் கணக்கு வைத்து, ஒரு நொடிகூடக் கூடவிடாமல் எடுத்தேன். அந்தக் கணக்கு தடித்த இலையுள்ள வேறொரு செடிக்கு உரியது என்பது அதே பக்கத்தில் சற்றுக் கீழே எழுதப்பட்டிருந்தது. மறுநாளிலிருந்து அது, பண்டிகை முடிந்த வீட்டின் கிறிஸ்துமஸ் மரம்போல ஊசி ஊசியாக உதிர்ந்தது. நத்தை மட்டும் உயிரோடிருந்தது.

எஞ்சியது வாலிஸ்நேரியா. நாடாபோல நீண்ட இலைகள் கொண்டது. இடம் மாறியதும் பழைய இலைகளைக் கரைத்துவிட்டுப் புதிதாகத் துளிர்ப்பது அதன் இயல்பாம். வேர் பிடித்துவிட்டதா என்று அறிய நாள்தோறும் காலையில் நான் அதைப் பிடுங்கி, அளவுகோல் வைத்து அளந்து, மீண்டும் நட்டேன். ஒன்பது நாள் அளவுகள் குறிப்பேட்டில் இருக்கின்றன. வேர் ஏன் நாளுக்கு நாள் குறைகிறது என்று அருகில் ஒரு கேள்விக்குறியும் இருக்கிறது.

அம்மா ஒருநாள் பார்த்துவிட்டாள். "ஏட்டி, அது செடியா, பல்லுவலிக்காரப் பிள்ளையா? தெனமும் வாயத் தொறந்து தொறந்து பாக்குத!"

இலைகள் முழுவதும் கரைந்து, மணலுக்கு மேலே வெங்காயத்தின் அடிபோல ஒரு வெள்ளைக் கட்டை மட்டும் தெரிந்த நாளில்தான் பொருத்தனை செய்தேன். எங்கள் சபையில் நவம்பரில் அறுப்பின் பண்டிகை வரும். வீட்டில் விளைந்ததில் முதலாவதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்து, எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனச் சோறு சாப்பிட்ட பிறகு, வாழைத்தார், முருங்கைக்காய், சேவல் எல்லாம் சபையார் முன்னிலையில் ஏலம் போகும். இருபத்திரண்டு வயதுவரை நான் எதையும் விளைவித்ததில்லை. இந்த ஒன்று பிழைத்தால், இது ஈனும் முதல் கன்றை அறுப்பின் பண்டிகைக்குப் படைப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்த பிறகும் பிடுங்கிப் பார்ப்பது அவிசுவாசமாகும் அல்லவா? கையை அடக்கிக்கொண்டேன். மூன்றாம் வாரம் ஊசி முனையளவு பச்சை தெரிந்தது. ஆகஸ்டு முடிவதற்குள் ஏழு இலைகள். பலித்தது ஜெபமா, என் கை விலகியதா என்ற ஆராய்ச்சியை நான் மேற்கொள்ளவில்லை. இரண்டாவது விடை எனக்குச் சாதகமாக இல்லை.

செப்டம்பரில் தாய்ச்செடியின் அடியிலிருந்து வெள்ளை நூல்போல ஒரு கொடி மணல்மேல் ஊர்ந்து வந்து, நான்கு விரற்கடை தள்ளி ஒரு கன்றை நிறுத்தியது. நான் எதுவும் செய்யவில்லை. எனவே எல்லாம் ஒழுங்காக நடந்தது. கன்றுக்கு ஐந்து இலைகளும் சொந்த வேரும் வந்ததும் இடையிலிருந்த கொடியைக் கத்தரித்தேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். தாய்ச்செடி தொட்டியின் நடுவிலிருந்து சற்று வலப்புறம் தள்ளி இருப்பது பல நாட்களாக என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. பிடுங்கி இரண்டு விரற்கடை இடப்புறம் நட்டேன். நட்டபோது இலைகள் கிளம்பும் குருத்தையும் மணலுக்குள் புதைத்துவிட்டேன். முதல் செடி தன் உயிரைக் கொடுத்துக் கற்பித்த பாடம் அது. பத்து நாட்களில் தாய் அழுகியது.

ஆக, பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கையில் தொட்டியில் ஒரே ஒரு செடிதான் இருந்தது. அது பொருத்தனைக்குரியது.

எலுமிச்சம்பழம் வாங்கிப் படைத்துவிடலாம் என்று எண்ணினேன். பொருத்தனை எனக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரிந்தது என்பது என் கணக்கு.

"எந்த பாட்டில்ல கொண்டு போகப்போற?" என்று அம்மா கேட்டாள்.

"எதை?"

"செடியத்தான். நோட்ட மேசையில தொறந்து போட்டுட்டு ரகசியம் வேறயாக்கும்."

"அது ஒண்ணுதான்மா மிச்சம் இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். வேற எல்லா எடத்துலயும் அப்படித்தான இருக்க?"

பிறகு ஒரு வழி தோன்றியது. படைத்தவரே ஏலத்தில் எடுக்கக் கூடாதா என்று கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் விசாரித்தேன். "தாராளமா எடுக்கலாம். கூவிக் கேட்டாப் போதும்" என்றார். வாக்கும் நிற்கும், செடியும் வீடு திரும்பும். கூவுவது ஒன்றுதான் என் வேலை. சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதி, குளியலறையில் மூன்று முறை சொல்லியும் பார்த்தேன். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட உதட்டை மட்டும் அசைத்து, வராதவளாகக் குறிக்கப்பட்டவள் நான்.

பண்டிகையன்று மழை. தகரக் கொட்டகைக்குள் ஏலம் நடந்தது. ஏலம் போட்ட அண்ணாச்சி சந்தையில் அரிசிக் கடை வைத்திருப்பவர். அவர் குரலுக்கு ஒலிபெருக்கி ஓர் அலங்காரம்தான். ஒரு சேவலை முடித்துவிட்டு செடியோடு நான் கொண்டுவந்திருந்த ஊறுகாய்ப் பாட்டிலை உயரத் தூக்கினார்.

"சபையாரே, இது என்னன்னு யாராவது பாத்துச் சொல்லுங்க!"

"வெங்காயத் தாளு அண்ணாச்சி!" என்றது பின்வரிசையில் ஓர் ஆண் குரல்.

"வெங்காயத் தாள யாரு வே தண்ணிக்குள்ள முக்கிக் கொண்டாருவா?"

"அப்ப பாசிதான். ஆத்துல எறங்கி நின்னா காலுல சும்மாவே சுத்தும்!"

"சும்மா கெடைக்குதத ஏலம் போடச் சொல்லியிருக்கு பாருங்க, அறிவாளி! யாரு வீட்டுப் பிள்ள இது?"

அம்மா என்னைச் சுட்டிக்காட்டினாள். கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எழுதிவைத்த வாக்கியத்துக்குப் பதிலாகக் கையை உயர்த்தினேன், காதுவரை உயர்ந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார், ஈ ஓட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். அதற்குள் எங்கள் தெருக்கோடி வீட்டு அத்தை எழுந்து ஒரு தொகையைச் சொல்லிவிட்டார். உறவுக்காரர் அல்லர், தெருவே அவரை அத்தை என்றழைக்கும். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். என் உதடுகள் மூன்று தரமும் ஒலியின்றிப் பிரிந்தன.

வெளியே வந்ததும் அத்தை என்னிடம் பாட்டிலை நீட்டினார். "எனக்குப் பாட்டிலுதான் வேணும், நல்ல வாயகலம். பாசிய நீயே எடுத்துக்கோ."

இத்தனை மாத விருப்பம் கைநீட்டும் தூரத்தில் இருந்தது. நான் யோசித்தேன். விலை கொடுத்து மீட்கலாம். படைத்ததை இலவசமாகத் திரும்பப் பெற்றால் பொருத்தனை செல்லாது.

"வேண்டாம் அத்தை. அது உங்களுக்குரியது."

"எனக்குரியதா? இத வச்சு நான் என்னத்தச் செய்ய? கூட்டு வைக்கவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

"இந்த வாய அங்கன தொறந்திருக்கலாம்லா" என்றாள் அம்மா.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறு நாற்பதுக்குக் கழுவிய மணலை ஒரு பையில் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக் கதவைத் தட்டினேன். வாசலோரம் பாட்டில் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. செடி, துணி துவைக்கும் கல்லருகே ஒரு வாளியில் மிதந்தது. ஓர் இலை ஒடிந்திருந்தது.

"அத்தை, செடி எனக்கு வேண்டாம். ஆனால் அதை உங்க வீட்டுல நட்டுத் தரட்டுமா?" என்றேன். வாசலில் நின்று சொன்னது அடுப்படிவரை கேட்டிருக்கிறது.

"ஏ, உனக்குச் சத்தம்லாம் வருமா!" என்றபடி அத்தை வந்தார். கொல்லையில் முருங்கைக்கு அருகே, மழைநீர் நிறைந்து சும்மா கிடந்த சிமெண்டுத் தொட்டியைக் காட்டினார். மணலை இட்டு, வேர் மட்டும் உள்ளே இருக்க, குருத்து வெளியே தெரிய நட்டேன். தொட்டிக்குள் கொசு வராமலிருக்க எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கப்பி மீன்களைக் கொண்டுவந்து விட்டேன்.

"இந்தச் செடி குட்டி போடுமாட்டி?"

"போடும் அத்தை. பிடுங்கிப் பார்க்காம இருந்தா."

"போட்டா உனக்கொண்ணு தாரேன். அதையாவது வாங்குவியா, அதுக்கும் சட்டம் பேசுவியா?"

முதல் கன்று பற்றித்தான் வாக்குக் கொடுத்திருந்தேன்; அதன் வாரிசுகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வாங்குவேன் என்றேன். குருத்து சரியாக வெளியே இருக்கிறதா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்க்க விரல் நீண்டது. அதைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் போகும் ஏழே முக்கால் பேருந்துக்கு நடந்தேன்.