தறி அறையில் ஒரு குடம் தண்ணீர்

ஆரணியில் எங்கள் வீட்டுத் தறி அறைக்குள் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. பட்டில் தெறித்தால் கறை. சன்னலைத் திறக்கக் கூடாது. காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழை காய்ந்து அறுந்துபோகும். மின்விசிறியும் கிடையாது. சித்திரை வெயிலில் உடற்பயிற்சி செய்ய என் மாமா, அம்மாவின் தம்பி, தேர்ந்தெடுத்த இடம் அதுதான்.

போலீஸ் வேலைக்கான ஓட்டத்தில் ஒருமுறை தோற்றிருந்தார். வெளியில் பயிற்சி செய்தால் தெரு சிரிக்கும் என்று வெட்கம். சூடேறினால்தான் சதை இளகும் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவிட, மழைக்கோட்டை வேறு மாட்டிக்கொண்டார். அன்று மதியம் அம்மா நூல் வாங்கப் போயிருந்தாள். மாமா உட்கார்ந்து எழுவதை எண்ணுவது என் வேலை. எட்டு வயதில் நான் எண்ணுவதில் மகா கறார்.

விடியுமுன் இருட்டில் மாடியில் நூறு போட்ட மனுஷனுக்கு இங்கே நாற்பதிலேயே தொடை நடுங்கியது. சோம்பேறிக் கால் என்று திட்டித் தொடையைக் குத்திக்கொண்டார். உடம்பு கொதிக்கும்போது சதை சீக்கிரமே கைவிரித்துவிடும், அது உயிரைக் காக்கத்தான் என்று இன்று நான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அன்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஐம்பத்திரண்டில் என்னைப் பார்த்து, "அக்கா, பஸ் வந்துகினு கீது, ஏறு" என்று உளறினார். அடுத்த நிமிடம் தறியோரம் விழுந்தார். தொட்டால் தோசைக்கல்லாய்ச் சுட்டது. செத்துப்போகிறார் என்றே நினைத்தேன். சமையலறைக்கு ஓடினேன்.

அரைக்குடம் தண்ணீரோடு அறை வாசலில் நின்றேன். தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. அம்மா என்னைக் கொன்றே போடுவாள். அழுதுகொண்டே மாமாவின் தலையிலிருந்து கால்வரை ஊற்றினேன். மறுபடி ஓடி நிரப்பிவந்து ஊற்றினேன். அவர் உடம்பு தூக்கிப் போட்டது. என் தண்ணீர்தான் அப்படிச் செய்துவிட்டது என்று குடத்தைக் கீழே போட்டேன்.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா கண் விழித்தபின் டாக்டர் என்னைக் காட்டி, "அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றாமலிருந்தால்" என்று அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். புகார் சொல்கிறார் என்று நினைத்தேன். புடவையில் திட்டுத்திட்டாகக் கறை. அம்மா நெய்து முடித்தும், நெய்யக் கொடுத்த கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து மாமா கல்யாணத்துக்கு அம்மா அந்தப் புடவையைத்தான் கட்டினாள், கறை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. என் தப்பை ஊருக்கே காட்டுகிறாள் என்று பயந்து, பந்தி முடியும்வரை நான் தூணுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன்.