விறகு நனையாத நாள்

என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கேஸ் உலை பார்த்தார். நான் அங்கேயே களத்தில் ஜவ்வரிசி காயவைப்பேன். உலை என்பது ஆளுயர இரும்பு உருளை. விறகுத் துண்டுகளைக் கொட்டி மூடி, காற்றைக் குறைத்து உள்ளே விட்டால், விறகு முழுசாக எரியாமல் கேஸாக மாறும். அது குழாய் வழியாகப் போய் வறுக்கும் அடுப்பில் எரியும்.

கரியாலூரிலிருந்து லாரியில் தைலமர விறகு வரும். ஈரமாக இருந்தால் குழாயில் தார் அடைத்துக்கொள்ளும். அதனால் மேகம் கறுத்தாலே அவர் தார்ப்பாயோடு ஓடுவார்.

"இன்னாண்ணா, வெறகுக்கு ஸ்வெட்டர் போடலியா?" என்று லாரிக்காரர் கிண்டல் செய்வார்.

"உனுக்குப் போட்டது போக மிச்சம் இருந்தா போட்றன்டா."

அந்த ஐப்பசியில் சாரல் பக்கவாட்டில் அடித்தது. விறகையெல்லாம் உலைக் கொட்டகைக்குள் அடுக்கி, நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"தலைய வலிக்குதுடி. ஒரு டீ வாங்கியா."

டீயோடு வந்தபோது விறகின் மேல் சாய்ந்து கிடந்தார். உலையிலிருந்து கேஸ் கசிந்திருக்கிறது. அது வெளியே போக வழியில்லை. நான் போட்ட சத்தத்தில், லோடு கொண்டுவந்திருந்த லாரிக்காரர்தான் ஓடிவந்து தார்ப்பாயைக் கிழித்து அவரை வெளியே இழுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில், "ஒரு துண்டு கூட நனையல, பாத்தியா?" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

சில வாரம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். தெருமுனைக் கடைக்குப் போனவர் வீடு தெரியாமல் நின்றார். அந்த கேஸ் சிலருக்குப் பின்னால் மூளையைப் பாதிக்கும் என்றார் டாக்டர். நினைவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாமாம். அந்த "திரும்பலாம்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

நேற்று சோறு போட்டு வைத்தேன். தட்டைத் தொடவில்லை.

"நீங்க போங்கம்மா. எம் பொண்டாட்டி வந்துடுவா. அவ வந்தா சேந்து சாப்புடுவோம்."

நான் வெளியே போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்து வருகிறவள் போலச் செருப்பைச் சத்தமாகக் கழற்றிப் போட்டு உள்ளே வந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் வரலம்மா அவ" என்றார்.