சுவரோர மூட்டைகள்

மாரிசெல்வி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் செல்போன் தொழிற்சாலை வேலைக்குத்தான் வந்தாள். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப மனமில்லாமல், மண்ணூரில் ஒரு மாவு ஆலையின் கோதுமைக் கிடங்கில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். குத்தூசியால் மூட்டையைக் குத்தி ஒரு பிடி கோதுமை எடுத்து, ஈரப்பத மீட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு என்றால் நல்லது. பதினான்கைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் மூட்டைகள் அரைக்கப் போகும்.

கார்த்திகை மழை ஒன்பது நாள் பெய்து ஓய்ந்திருந்த காலை அது.

"மீட்டர் பன்னெண்டுதானே காட்டுது? இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? லாரி வெயிட்டிங்மா" என்றார் சூப்பர்வைசர் தணிகாசலம்.

"அது வாசப்பக்க மூட்டை சார். சுவரோரம் ஒரு வாடை அடிக்கு. அங்க குத்திப் பாக்கணும்."

சுவருக்கும் மூட்டைகளுக்கும் நடுவே கை நுழையக்கூட இடமில்லை. மேலே ஏறி, குப்புறப் படுத்து, கையை நீட்டிக் குத்தினாள். கட்டி கட்டியாகக் கோதுமை வந்தது. ஓரத்தில் பச்சை படிந்திருந்தது. மீட்டரில் பதினெட்டு.

தணிகாசலம் மீட்டரை எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் கொஞ்சமா நல்லதுல கலந்து அனுப்சிடலாம். மாவுல யாருக்குத் தெரியப் போவுது?"

"தெரியாது சார். ஆனா பூசணத்து வெசம் அரைச்சாலும் போகாது, சுட்டாலும் போகாது. நான் தங்கியிருக்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் இந்த மாவுதான் வருது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இந்த வேலையும் போய்விடும் என்றே நினைத்தாள்.

தணிகாசலம் வெளியே போய் லாரியைத் திருப்பி அனுப்பினார். "எம் பொண்ணும் கம்பெனி கேன்டீன்ல நம்ம மாவுதான் துன்னுது" என்றவர், சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டை தூக்கும் ஆட்களோடு தாமும் இறங்கினார்.

மூன்று நாள் அடுக்கைப் பிரித்தார்கள். கசிந்த சுவரை ஒட்டியிருந்த நாற்பத்தொரு மூட்டைகளில் பூசணம். மாட்டுத் தீவனத்துக்கும் தராமல் அவற்றை அழித்தார்கள். ஈரம் மட்டும் ஏறியிருந்தவற்றைத் தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காயவைத்து, மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

விஷம் இல்லை என்று முடிவு வந்த அன்று மாரிசெல்வி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே அழுதுவிட்டாள்.

இப்போது அந்தக் கிடங்கில் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மரச்சட்டங்களின் மேல்தான் மூட்டைகள் நிற்கின்றன. நடுவே ஆள் நடக்கலாம். மழை பெய்யும் நாட்களில் தணிகாசலமே டார்ச் விளக்கோடு அந்தச் சந்தில் ஒரு சுற்று போய்வந்து, "சுவரு காஞ்சுதான் கீது, நீ ஒருவாட்டி பாத்துடு" என்கிறார்.