சாம்பல் நிற இறால்

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர், தான் போடும் இறால் ஊறுகாய்க்கு லேபிள் வேண்டுமென்று காலடிப்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை நான் புத்தக அட்டைகள்தான் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கடலில் நீந்தும் சிவப்பு இறால் ஒன்றை ஆசை ஆசையாக வரைந்து காட்டினேன். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா கண்ணு, இது வெந்த எறா. வெந்துட்டு எப்டி நீந்திகினு கீது?"

மறுநாள் காலை ஐஸ் போட்ட கிண்ணம் நிறைய இறாலோடு வந்து, அதை என் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். கண்ணாடி போன்ற சாம்பல் உடம்பு, வாலில் மட்டும் மெல்லிய நீலம். சின்ன வயதிலிருந்து இறால் தின்பவள் நான்; அன்றுதான் அதன் நிறத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் வரைந்து, லேபிளை அச்செடுத்தும் கொடுத்துவிட்டேன்.

"இதான் எறா!" என்றவர், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என் சமையலறைக்குள் போனார். மிளகு போட்டு வறுத்ததை, லேபிளை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் தின்றோம். என் விரல் பட்டு லேபிளில் எண்ணெய்க் கறை ஆகிவிட்டது. நான் பதறினேன்.

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வுடு கண்ணு. இப்பத்தான் ஊறுகா லேபிளு மாதிரி கீது."